வேணாம்

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் பூவரசன் வீடியோ கேம் கன்ட்ரோலரை எடுத்தான். உள் அறையில் அவன் மனைவி சாருலதா பீரோவைத் திறந்து வைத்து, தன் துணிகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பெட்டிகளை அவளுடைய அண்ணன் ஜெகன் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி, கீழே வாசலில் நின்ற குட்டியானைச் சரக்கு வண்டிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கூடப் போய் ஒரு பெட்டியைத் தூக்கப் பார்த்தபோது, "நீங்க உக்காருங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னார். அதில் கோபம் துளிகூட இல்லை. சாவு வீட்டில் சொந்தக்காரனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டிவியைப் போட்டான். விட்ட இடத்திலேயே விளையாட்டு நின்றுகொண்டிருந்தது. பனி, பாதி இடிந்த பாலம், நடுவில் கவிழ்ந்து கிடக்கும் லாரி, லாரியின் மறைவில் துப்பாக்கியோடு குந்தியிருக்கும் காலன். அந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயரை ஆங்கிலத்தில் வேறு மாதிரி சொல்வார்களாக இருக்கும். ஆனால் முதல் நாளே சாரு, "பேரே காலனாம்டா, இவன் எங்க போய் யாரைக் காப்பாத்தப் போறான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள், அன்றிலிருந்து அவன் காலன்தான். பூவரசன் பொத்தானை அழுத்தினான். காலன் தலையைத் தூக்கினான். எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள். செத்தான். திரை சாம்பல் நிறமாகி, மறுபடியும் லாரி, மறுபடியும் பனி. இந்த விளையாட்டில் சாவு ஒன்றுமே இல்லை, இருமல் மாதிரி, வந்து போய்விடும். உள்ளே பீரோவின் கதவு கிரீச்சென்றது. அந்தக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிருப்பாள். மறுபடியும் தலையைத் தூக்கினான், மறுபடியும் செத்தான்.

விளையாட்டில் சண்டை போடுவது எப்போதும் அவள்தான். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில், ஓசூரில், ஒரே டிசைன் பிரிவில் வேலை செய்தாலும் அவன் விரல்களுக்கு வராத ஏதோ ஒன்று அவள் விரல்களுக்கு வந்தது. அவன் பயத்தில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குண்டையெல்லாம் சுவரில் வீணாக்குவான். அவள் மூச்சை நிறுத்தி ஒன்றே ஒன்று சுடுவாள், தூரத்தில் ஒருவன் மடிந்து விழுவான். "பதறாதடா, அவனுக்கும் குண்டு தீரும், அவனும் நிரப்பணும், அந்த நேரம் நம்மளோடது" என்பாள். குண்டு நிரப்பும்போது கையைக் கட்டிப்போட்டதுபோல நிற்க வேண்டும். அடிபட்டால் கட்டுப்போட்டுக்கொள்ளலாம், ஆனால் கட்டுப்போட்டுக்கொண்டே சுட முடியாது. யார் உட்கார்ந்து யோசித்து வைத்தார்களோ! காயத்தைப் பார்த்தால் எதிராளியைப் பார்க்க முடியாது, எதிராளியைப் பார்த்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அவளுக்கு இரண்டும் வரும். ஆனால் சண்டை முடிந்து, கதை ஒரு இடத்தில் நின்று, திரையில் எல்லாம் மெதுவாகி, இந்தப் பக்கம் ஒரு சொல்லும் அந்தப் பக்கம் ஒரு சொல்லும் வந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தேய ஆரம்பிக்கும். அந்தக் கோடு தீருவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அப்போது மட்டும் கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். "நீ அழுத்து. எனக்குச் சொல்லாத." அவன் அழுத்துவான். பிறகு கண்ணைத் திறந்து, "ஏன்டா அவனைக் கொன்ன?" என்று தோளில் குத்துவாள். ஒரு தரம் கை தூக்கிச் சரணடைந்த ஒரு கைதி. சின்னப் பயல், மூக்கில் சளி ஒழுகிக்கொண்டிருந்தது, அதைக்கூட வரைந்திருந்தார்கள். விட்டால் ஓடிப்போய்க் காட்டிக்கொடுப்பான். சுட்டால் ஒரு தொல்லை விட்டது. பூவரசன் சுடுவதை அழுத்தினான். அதன் பலன் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு யாருமே சரணடையவில்லை. அதுவரை, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டவர்கள், இப்போது கடைசி ஆள் வரைக்கும் நின்று சண்டை போட்டார்கள். சேதி பரவிவிட்டது போல. "உன்னாலதான். நீ அவனைச் சுட்டே, அதனாலதான் இப்ப ஒருத்தனும் கை தூக்க மாட்டேங்கிறான்" என்றாள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியுமா என்று போனில் தேடிப் பார்த்தாள். முடியாதாம். இந்த விளையாட்டு ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முடிவையும் முந்தினதன் மேலேயே எழுதிக்கொள்ளும். வேண்டுமென்றால் முதலிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம். "அப்ப அது இந்தக் காலன் இல்லையே, வேற ஒருத்தன்ல" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் எவ்வளவு அழகாக இருந்தாள் அன்றைக்கு, அந்தக் கோபத்தில். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கன்ட்ரோலரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு விளையாடுவாள். சண்டையில் அது அதிரும்போது, "உள்ள இருக்கறவனும் சுடறான் போல" என்பாள்.

அவன் கையில் கன்ட்ரோலர் அதிர்ந்தது. காலன் செத்துவிட்டான். உள்ளே பசைநாடாவைக் கிழிக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது. அந்தச் சத்தம் வேண்டாம், இன்னொரு தரம் விளையாடலாம். அந்த ஸ்கேன் அறையிலும் இப்படித்தான், டாக்டர் அம்மா கையுறையைக் கழற்றும் சத்தம் அநியாயத்துக்குப் பெரிதாகக் கேட்டது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அழுத்திப் பார்த்தபோது பேச்சை நிறுத்தினார். ஏசி காற்றில் சாருவின் காலில் மயிர் சிலிர்த்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றது ஞாபகம் இருக்கிறது. போர்வையை இழுத்து விட்டிருக்கலாம், விடவில்லை. பிறகு டாக்டர் மேஜைக்கு வரச் சொல்லி, ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். நாலு அறை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைத்தான் ஒழுங்காக வரைந்தார். "பொறந்ததும் ஒரு ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. பொழைச்சு வர்ற குழந்தைங்களும் இருக்கு, வராததும் இருக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னு முடிவு பண்ணாலும் சட்டப்படி இன்னும் டைம் இருக்கு. வெளிய உக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க." வெளியே வந்து உட்கார்ந்தார்கள். இரும்பு நாற்காலிகள். எதிரில் ஒரு அம்மாள் டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். சாரு இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "நீ சொல்லு பூவா." அவ்வளவுதான் சொன்னாள். சத்தியமாக, அவன் கண்ணுக்கு முன்னால் அந்த வெள்ளைக் கோடு தேய ஆரம்பித்தது. அப்படித் தேயவில்லை, நேரம் இருந்தது, டாக்டரே இருக்கிறது என்றுதான் சொன்னார், வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, தூங்கிவிட்டு, மறுநாள் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் தேய்ந்ததே. வாயைத் திறந்தான். வேணாம் சாரு, கலைக்க வேணாம், என்ன வந்தாலும் பாத்துக்கலாம். அதுதான் வாக்கியம். நெஞ்சுக்குள் முழுதாக இருந்தது. "வேணாம்" என்ற முதல் சொல் வந்தது. அதற்குப் பிறகு தொண்டை அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்கு வருவதற்குள் சாரு கண்ணைத் திறந்து, தலையை ஆட்டி, எழுந்துவிட்டாள். டாக்டர் சொன்ன வேணாமும் அவன் சொன்ன வேணாமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டது. எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, தனியாக உள்ளே போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் கதவு. எத்தனையோ தரம் அந்த நாலு எட்டை வைத்துப் பார்த்துவிட்டான், குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது, கம்பெனி கேன்டீனில் தட்டைக் கழுவும்போது. ஆனால் எழுந்தபோது அவளுடைய தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தானே. பாரத்தை இறக்கியவர்களுக்கு அப்படித்தான் தோள் இறங்கும். அதைப் பார்த்ததும் அவனுக்குள்ளும் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் நினைப்பு எப்போதும் போய் மாட்டிக்கொள்கிறது. சொல்ல முடியாமல் போனது கூடப் பெரிதில்லை, தொண்டை அடைப்பது யாருக்கும் வரும். அந்த அப்பாடா? அது யாருடையது? அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி ஆற்றுகிற அம்மாளைப் பார்த்துக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டவன் யார்? அப்படியென்றால் அவன் மனசில் முழுதாக இருந்ததாக நினைக்கிற வாக்கியமே பிறகு அவன் கட்டிக்கொண்டதா? இல்லை. இருந்தது. கலைக்க வேணாம் என்றுதான் இருந்தது. இருந்ததா? செத்தான். பாலம், பனி, லாரி. அதற்கப்புறம், கலைத்து முடித்து, வீட்டுக்கு வந்தார்கள். சாரு பேசினாள், சமைத்தாள், வேலைக்கும் போனாள். அவன் தொட்டால் விலகவில்லை, கையை அப்படியே விட்டுவைத்தாள். பால் கட்டிக்கொண்ட வலிக்கு முட்டைக்கோஸ் இலையை மார்பில் வைத்துக்கொண்டு சமையலறையில் திரும்பி நின்றாள். அதைப் பார்த்துவிட்டு அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஏன் அப்படிச் சொன்ன என்று ஒரு நாளாவது தோளில் குத்துவாள், குத்தினால் மீதி வாக்கியத்தைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தான். குத்தவே இல்லை. இந்த விளையாட்டையும் அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. போன மாதம் சேலத்தில் ஒரு காலேஜில் வேலை கிடைத்திருப்பதாகவும், அண்ணன் வீட்டிலிருந்து போய்வரலாம் என்றும் சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு" என்றாள். ஆனால் பீரோவில் குளிர்காலத்துச் சால்வை வரைக்கும் எடுக்கிறாள். காலையிலிருந்து அவனை நீங்க என்றுதான் கூப்பிடுகிறாள். "நீங்க காப்பி குடிச்சிட்டீங்களா?" காலேஜ் முதல் வருஷத்திலிருந்து நீ, வாடா, போடா. கல்யாணத்துக்குப் பிறகும் பெரியவர்கள் எதிரில் மட்டும்தான் நீங்க. இன்றைக்கு ஜெகன் கீழே போயிருக்கும்போதும் நீங்க. அந்த ஒரு சொல்லிலேயே அவள் ஓசூரைத் தாண்டிப் போய்விட்டாள்.

"இடது பக்கமா ஒருத்தன் சுத்தி வரான், பாக்கலையா?" என்று பின்னால் குரல் கேட்டது. கையில் பசைநாடாவோடு சாரு அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவன் திரும்புவதற்குள் இடது பக்கத்துக்காரன் காலனைச் சுட்டுவிட்டான். "பாலத்துல நேரா பாத்துட்டு இருந்தா எப்படி? அங்க சுடறவங்க சும்மா பயமுறுத்தத்தான். வரவன் இந்தப் பக்கம்தான் வருவான்." அவன் கன்ட்ரோலரை நீட்டினான். நீட்டியிருக்கக் கூடாதோ என்று கை நடுவிலேயே நின்றது. அவள் பசைநாடாவைச் சோபாவின் மேல் வைத்துவிட்டு, தரையில் அவன் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, வாங்கிக்கொண்டாள். அவளுடைய தலையில் அட்டைப்பெட்டித் தூசி ஒட்டியிருந்தது. தட்டிவிட வேண்டும் போல இருந்தது. அவள் தலையைத் தூக்கவே இல்லை. தரையில் கிடந்த பாட்டிலை எடுத்து வலப்பக்கம் எறிந்தாள். அது உடைந்த சத்தத்துக்கு எதிர்க்கரைக்காரர்கள் அந்தப் பக்கம் சுட ஆரம்பித்தார்கள். அதற்குள் காலனை லாரிக்கு அடியில் தவழவிட்டு, இடது பக்கத்துக்காரன் வந்து சேரும் இடத்தில் அவனுக்கு முன்பே காத்திருந்தாள். ஒரு குண்டு. பிறகு எதிராளிகள் குண்டு நிரப்பும் இடைவெளி வரும்வரை சும்மா இருந்தாள். வந்ததும் எழுந்து ஒன்று, குனிந்து நகர்ந்து இன்னொன்று. ஒருவனும் சரணடையவில்லை. கடைசி ஆள் காலில் அடிபட்டு விழுந்த பிறகும் கிடந்தபடியே சுட்டான். "கையைத் தூக்கேன்டா" என்று அவள் முனகினாள். அவன் தூக்கவில்லை. சுட்டாள். கன்ட்ரோலர் அவள் மடியில் அதிர்ந்து அடங்கியது. பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேருடைய தோளும் லேசாக உரசிக்கொண்டிருந்தன, ஒருவரும் நகர்த்திக்கொள்ளவில்லை.

அப்புறம் கதை தானாக நகர்ந்தது. காலனோடு முதலிலிருந்து கூட வந்த டோபி என்ற சிப்பாயின் கால் பாலத்தின் உத்தரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. பாலத்துக்கு வைத்த வெடி வெடிக்கப் போகிறது. டோபி காலனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாம் மெதுவானது. இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போ, அந்தப் பக்கம் கூடவே இரு. நடுவில் கோடு தேய ஆரம்பித்தது. சாரு கண்ணை மூடிக்கொண்டு கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டாள். "நீ அழுத்து."

நீ என்றுதான் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது காதில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்து, குனிந்து, கோடு தீருவதற்குள் ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரை அப்படியே நின்றது. கீழே ஜெகன் வண்டிக்காரரிடம் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லும் சத்தம் கேட்டது.

"பூவா."

"ம்."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வேணாம்னு சொன்னியே." திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எது வேணாம்னு சொன்ன?"

எத்தனை நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தான். மீதி வாக்கியம் இதோ, நாக்கு நுனியில். கலைக்க வேணாம்னுதான் சாரு சொல்ல வந்தேன். சொல்லிவிட்டால் இந்த நெஞ்சு அடைப்பு போய்விடும். சொல்லிவிட்டால், அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே போனது அவள், தன் வாயால் டாக்டரிடம் சொன்னது அவள், என்றாகிவிடும். வாழ்நாள் முழுக்க அவள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். இல்லை, அப்படியே ஆகும் என்று யார் சொன்னது? சொன்னால் உடைந்து அழுவாள், அவனும் அழுவான், இரண்டு பேரும் சேர்ந்து அழுது முடித்தால் பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றச் சொல்லலாம். அதுவும் நடக்கலாம். எது நடக்கும் என்று தெரியவில்லை. இப்போது எந்தக் கோடும் தேயவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பவள்போல அவள் உட்கார்ந்திருந்தாள். தன் கட்டை விரல் நகத்தைச் சதைவரை கடித்து வைத்திருந்தாள். எப்போதிருந்து இந்தப் பழக்கம்?

"குழந்தைதான்" என்றான். "குழந்தை வேணாம்னுதான் சொன்னேன்."

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

"இல்ல, நீ வேற ஏதோ சொல்ல வந்த மாதிரியும், நான்தான் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்ட மாதிரியும்..." கட்டை விரலை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாள். "ஒரு வருஷமா அதையேதான் நெனச்சிட்டிருக்கேன் பூவா. உன் மூஞ்சியப் பாத்தாலே அதுதான் வருது. கேக்கவும் பயம். உன்மேல கோவம்னு நீ நெனச்சிட்ட. கோவமா இருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன்டா. சண்டை போட்டுட்டு இருந்திருப்பேன்."

"நீ எதையும் பாதியில விட்டுட்டுப் போகல. நான் முழுசாத்தான் சொன்னேன். முடிவு என்னோடது."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு நெற்றியை அவன் தோளில் முட்டுக்கொடுத்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், வீட்டுக்கு வந்தும் அவன் எதிரில் அழாதவள், சத்தமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அவன் அவளுடைய தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டான். படியில் ஜெகனின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கடைசிப் பெட்டியை அண்ணனிடம் கொடுத்தாள். இரு என்று அவன் சொல்லவில்லை. சொல்லும் உரிமையை இப்போதுதான் தன் வாயாலேயே இழந்துவிட்டோம் என்று தோன்றியது. "குக்கர்ல சாதம் இருக்கு. ரசத்தைச் சூடு பண்ணிக்கங்க" என்றாள். ஜெகன், "வரேன் மாப்ள" என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

சாதத்தைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், தட்டின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது ஜெகன் போன் செய்தார். வண்டியின் இரைச்சலுக்கு நடுவில் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மாப்ள, என்ன பேசினீங்க ரெண்டு பேரும்? ஏறி உக்காந்ததும் தூங்கிட்டா. தர்மபுரி தாண்டிட்டோம், இன்னும் அசையல. எங்க வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருப்பா, மாத்திரை போட்டும் தூங்க மாட்டா. இப்ப என் தோள்ல வாயைத் திறந்துட்டுத் தூங்கறா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. ஓட்டல் வருது, எழுப்பட்டுமா?"

"எழுப்பாதீங்க" என்றான் பூவரசன். "தூங்கட்டும்."

"சரி மாப்ள."

அவர் போனை வைக்க மறந்துவிட்டார் போலிருந்தது. சட்டைப் பையில் போட்டிருப்பார். வண்டி ஓடும் சத்தமும், பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. பூவரசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் அவளுடைய மூச்சு எங்காவது கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.